"கிளினிக் எப்போ போடப்போறே?" என்று இனி கேட்காதீர்கள்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு நேரம் நிறைய இருக்கிறது, உங்களுக்கு இல்லை என்று தெரியும். ஒரே மூச்சில் படிக்க முடியாதவர்கள் காலையில் பாதி, ராத்திரி மீதி என்று படியுங்கள். ஆனால் படித்துவிடுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட விஷயம்.

என்னிடம் படித்த ஒரு பெண் இப்போது ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறையில் உதவிப் பேராசிரியர். அவளுடைய அம்மா விடியற்காலை நாலரைக்கு எழுந்து, தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு, ஜீப் ஏறி போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனவர். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து படித்து வந்தவள். சமீபத்தில் தன்னுடைய ஆய்வுக் கட்டுரை ஒன்று நல்ல மருத்துவ இதழில் வந்திருப்பதாக ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள். கீழே வந்த முதல் பதில்: "ரொம்ப சந்தோசம்மா. அது சரி, கிளினிக் எப்போ போடப்போறே?" அடுத்த பதில்: "டாக்டருக்குப் படிச்சிட்டு கடைசியில வாத்தியார் வேலைதானா?"

கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. பாசமாகத்தான் கேட்டார்கள். ஆனாலும் அந்தக் கேள்விக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. டாக்டர் என்றால் ஊசி போட வேண்டும், ஆபரேஷன் பண்ண வேண்டும், போடி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பெயர்ப்பலகை மாட்ட வேண்டும், இரண்டு வருஷத்தில் கார் வாங்க வேண்டும். கல்லூரியில் பாடம் எடுப்பது, ஆய்வு செய்வது எல்லாம் கிளினிக் போட வழியில்லாதவர் செய்கிற வேலை. இதுதான் அந்தக் கணக்கு. அது தப்புக் கணக்கு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரின் சாதனை என்றால் என்ன? அதை எதை வைத்து அளப்பது? விருதை வைத்தா, கட்டுரை எண்ணிக்கையை வைத்தா, வாசலில் நிற்கும் வரிசையை வைத்தா? எனக்குத் தெரிந்த சில பேரை வைத்து யோசித்துப் பார்க்கிறேன்.

முதலில் நமக்குப் பக்கத்திலேயே இருந்தவர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தெரியாதவர் நம் பக்கத்தில் கிடையாது. தேனியிலேயே 1985-லிருந்து அவர்கள் மருத்துவமனை இருக்கிறது. உங்கள் வீட்டுத் தாத்தா, பாட்டி யாராவது ஒருவருக்கு அங்கே புரை நீக்கி லென்ஸ் வைத்திருப்பார்கள். அதை உருவாக்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி 1918-ல் வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர். 1944-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். பிரசவ மருத்துவராக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது கடுமையான முடக்குவாதம் வந்து, விரல்கள் எல்லாம் கோணி, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். பிரசவம் பார்க்க முடியாத கைகள். அந்தக் கைகளை வைத்துக்கொண்டு கண் மருத்துவம் படித்தார். கோணிய விரல்களால் கத்தியைப் பிடிக்கத் தானே பழகி, லட்சம் கண்களுக்கு மேல் அறுவை சிகிச்சை செய்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரிந்த கதை.

தெரியாத பாதி ஒன்று உண்டு. அரவிந்த் தொடங்கியது 1976-ல், அவர் 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகள் என்ன செய்துகொண்டிருந்தார்? 1956-லிருந்து மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவர். அதாவது, வாத்தியார். இன்று ராஜாஜி மருத்துவமனை என்று அழைக்கப்படும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில் நோயாளி பார்த்து, மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தியவர். வரிசையாக நோயாளியைப் படுக்க வைத்து, தாமதமில்லாமல், தரம் குறையாமல் அறுவை செய்வது எப்படி, அதற்கு நர்சுகளையும் இளம் டாக்டர்களையும் எப்படிப் பழக்குவது என்பதெல்லாம் அந்தக் கல்லூரி வருஷங்களிலும் முகாம்களிலும் கற்ற பாடம். 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு ஒரு வீட்டில் ஆரம்பித்தபோது கையில் பணம் இல்லை. ஆனால் இருபது வருஷப் பாடம் இருந்தது. கூட நிற்க ஆட்களும் இருந்தார்கள். அவருடைய தங்கை டாக்டர் நாச்சியார், நாச்சியாரின் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி இருவரும் கண் மருத்துவர்கள். நம்பெருமாள்சாமி நம் தேனிப் பக்கத்து அம்பாசமுத்திரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 2010-ல் அமெரிக்காவின் டைம் இதழ் உலகில் செல்வாக்கு மிக்க நூறு பேர் என்று வெளியிட்ட பட்டியலில் அவர் பெயர் இருந்தது. நம் மாவட்டத்து மண். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சினிமா நடிகர் பிறந்த ஊர் தெரிகிறது, இது தெரியவில்லை.

இதில் நான் கவனிப்பது ஒன்றைத்தான். வெங்கடசாமி 2006-ல் காலமானார். ஆஸ்பத்திரி நிற்கவில்லை, வளர்ந்தது. கைராசிக்கார டாக்டர் ஒருவர் போனால் அவருடைய கிளினிக் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். வாத்தியார் போனால் வேலை தொடர்ந்து நடக்கும். 1992-ல் அவர்கள் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மதுரையிலேயே தயாரிக்கத் தொடங்கினார்கள். இறக்குமதி லென்ஸின் விலையில் ஒரு சிறு பங்குதான் அதன் விலை. அதனால்தான் தேவாரத்துப் பாட்டிக்கும் லென்ஸ் கிடைக்கிறது. தங்கள் முறையை மூடி வைக்காமல் மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சி நிலையமும் நடத்துகிறார்கள். சொல்லிக்கொடுக்கிற புத்தி ரத்தத்தில் ஊறியிருந்ததால் நடந்த காரியம் அது.

இரண்டாவது கதை சென்னையில் நடந்தது. எனக்கு மிகவும் பிடித்த கதை, ஏனென்றால் அதில் ஓர் ஆசிரியையும் ஒரு மாணவியும் இருக்கிறார்கள்.

1980-களின் நடுவில் எய்ட்ஸ் என்றால் அமெரிக்காக்காரன் வியாதி, நம் நாட்டில் ஒழுக்கம் இருக்கிறது, இங்கே வராது என்று படித்தவர்களே பேசிக்கொண்டிருந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன். அவரிடம் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த மாணவி செல்லப்பன் நிர்மலா. ஆய்வுக்கு என்ன தலைப்பு எடுப்பது என்று கேட்டபோது, இதையே தேடிப் பார் என்றார் ஆசிரியை. இல்லாத நோயைத் தேடி என்ன பயன் என்று மாணவிக்குத் தயக்கம். அந்தத் தலைப்பில் பரிசோதனை செய்யச் சென்னையில் வசதியும் கிடையாது. ஆனாலும் இறங்கினார். அரசுக் காப்பகத்தில் இருந்த பெண்களிடம் பேசிப் பழகி, மூன்று மாதத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளை எடுத்தார். கையுறை கிடையாது. எந்த நோயைத் தேடுகிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்பதால் அதையும் சொல்லவில்லை. இன்றைக்கு அப்படிச் செய்ய எந்தக் கல்லூரியும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. மாதிரிகளை வைத்தது எங்கே தெரியுமா? வீட்டு ஃபிரிட்ஜில். 1986 பிப்ரவரியில் கணவரோடு ரயில் ஏறி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போனார். அங்கே பேராசிரியர் டாக்டர் ஜேக்கப் ஜான் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்திருந்தார். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது தெரிந்தது அன்றைக்குத்தான்.

மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்கு அனுப்பிச் சரிபார்த்த பிறகு செய்தி அரசாங்கத்துக்குப் போனது, சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. ரத்த வங்கிகளில் சோதனை, விழிப்புணர்வு, சிகிச்சை என்று பின்னால் வந்த அத்தனைக்கும் ஆரம்பப் புள்ளி அந்த ஆறு சின்னக் குப்பிகள். சுனிதி சாலமன் பிறகு 1993-ல் தனியாக ஓர் ஆய்வு, சிகிச்சை மையமே தொடங்கி, யாரும் தொட அஞ்சிய நோயாளிகளைத் தொட்டுப் பார்த்தார். 2015-ல் மறைந்தார். 2017-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நிர்மலாவோ ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, பட்டம் வாங்கி, கிண்டி கிங் நிலையத்தில் அரசு வேலைக்குப் போனார். பல வருஷங்கள் அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது.

இப்போது சொல்லுங்கள். நுண்ணுயிரியல் படித்த அந்த இருவரிடமும் "கிளினிக் எப்போ போடப்போறே?" என்று கேட்க முடியுமா? உங்களுக்கு அவசரத்தில் ரத்தம் ஏற்றும்போது அது சுத்தமான ரத்தம் என்ற தைரியம் எங்கிருந்து வந்தது? பரிசோதனை மேசையில் குனிந்து உட்கார்ந்த ஆசிரியர்களிடமிருந்து வந்தது.

மூன்றாவது உதாரணம் நேராக நம் மலைக்கே வருகிறது. மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் புதரும் புல்லும் உள்ள இடங்களில் வேலை செய்பவர்களுக்கு ஒரு காய்ச்சல் வரும். உண்ணிக் காய்ச்சல் என்கிறோம், டாக்டர்கள் ஸ்கிரப் டைபஸ் என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பூச்சியின் இளம்புழு கடித்து வருவது. கடித்த இடத்தில், அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ, சிகரெட் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். வலிக்காது, அதனால் நாமாகச் சொல்ல மாட்டோம். டாக்டர் தேடிப் பார்த்தால்தான் தெரியும். சாதாரணக் காய்ச்சல் என்று நாள் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய் உயிரைக் குடித்துவிடும்.

இந்தக் காய்ச்சல் முற்றியவர்களுக்கு எந்த மருந்து சிறந்தது என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்தது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் என்று இரண்டு மருந்துகள். இரண்டும் நீங்கள் கேள்விப்பட்டவைதான். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் டாக்டர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் சுமார் 800 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்கு முதல் மருந்து, இன்னொரு பிரிவுக்கு இரண்டாவது மருந்து, மூன்றாவது பிரிவுக்கு இரண்டும் சேர்த்து, எல்லாம் நரம்பு வழியாக. ஐந்தாம் நாளிலும் காய்ச்சல் விடாமல் இருப்பது, ஏழாம் நாளில் சிக்கல் நீடிப்பது, இருபத்தெட்டு நாளுக்குள் மரணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தார்கள். தனித்தனி மருந்து வாங்கியவர்களில் நூற்றுக்கு 47, 48 பேருக்கு இந்தத் தொல்லை. இரண்டும் சேர்த்து வாங்கியவர்களில் 33 பேருக்குத்தான். 2023-ல் உலகத்தின் தலைசிறந்த மருத்துவ இதழ்களில் ஒன்றான நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது.

இதில் புது மருந்து எதுவும் இல்லை. இருக்கிற இரண்டு பழைய மருந்தை ஒழுங்காகச் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நியாயமாகச் சோதித்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஏழைகளுக்கு வரும் காய்ச்சல், அதைச் சோதித்துப் பார்க்கப் பெரிய மருந்துக் கம்பெனிக்கு என்ன ஆர்வம் இருக்கும்? மருத்துவக் கல்லூரி ஆசிரியர்தான் செய்தாக வேண்டும். பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுக் காய்ச்சலோடு இறங்கி வருகிற அக்காவுக்கு, ஐ.சி.யூ.வில் என்ன மருந்து ஏற்ற வேண்டும் என்பதை இப்படி ஒரு கட்டுரைதான் சொல்லிக்கொடுக்கிறது. கட்டுரை என்றால் வெறும் காகிதம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

சரி, அப்படியானால் கட்டுரை எழுதுகிற எல்லோரும் சாதனையாளர்களா? இல்லை. இங்கேதான் நான் சில பேருக்குப் பிடிக்காததைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டெல்லியைச் சேர்ந்த மூத்த அறுவை மருத்துவர் சமீரன் நந்தியும் அவருடைய சகாக்களும் 2016-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இந்தியாவின் 579 மருத்துவக் கல்வி நிறுவனங்கள் 2005 முதல் 2014 வரை எத்தனை ஆய்வுக் கட்டுரை வெளியிட்டன என்று பார்த்தார்கள். 332 நிறுவனங்களில் பத்து வருஷத்தில் ஒரு கட்டுரைகூட இல்லை. பாதிக்கும் மேல்! வெறும் 25 நிறுவனங்கள்தான் ஆண்டுக்கு நூறு கட்டுரைக்கு மேல் வெளியிட்டன. பத்து வருஷத்தில் அந்தக் கட்டடங்களுக்குள் எத்தனை ஆயிரம் நோயாளிகள் வந்து போயிருப்பார்கள்! அவர்களிடமிருந்து கற்றதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

இதைச் சரிசெய்யத்தான் பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். நோக்கம் நல்லது. நடந்தது என்ன? காசு வாங்கிக்கொண்டு எதை வேண்டுமானாலும் அச்சடிக்கும் இதழ்கள் மழைக்காளான்போல முளைத்தன. யாரோ எழுதிய கட்டுரையில் பத்துப் பேர் பெயர் ஏறுகிறது. பரீட்சைக்கு மார்க் மட்டும் போதும் என்றால் பிள்ளைகள் நோட்ஸ் மனப்பாடம் செய்வார்கள், பாடம் படிக்க மாட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் நான் பார்த்தது அதுதான். பேராசிரியர்களும் மனிதர்கள்தானே. எதை எண்ணுகிறோமோ அதுதான் பெருகும். எண்ணிக்கையை எண்ணினால் எண்ணிக்கை பெருகும், தரத்தைக் கேட்டால்தான் தரம் வரும்.

"சார், நீங்க சொல்ற மாதிரி ஆளுங்க எத்தனை பேர்? காலையில கையெழுத்துப் போட்டுட்டு சாயங்காலம் சொந்த கிளினிக்ல உக்காந்திருக்கிற புரொபசர் எத்தனை பேர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆய்வுக் குழு வருகிற நாளில் மட்டும் வாடகைக்கு ஆள் பிடித்து ஆசிரியர் என்று நிறுத்தும் தனியார் கல்லூரிகளைப் பற்றிச் செய்தித்தாளில் நானும் படிக்கிறேன். பணியிடங்கள் காலியாகக் கிடப்பதையும், ஒரே ஆள் மூன்று ஆள் வேலை செய்வதையும் என்னிடம் படித்த டாக்டர்களே சொல்கிறார்கள். ஆனால் ஒன்றை யோசியுங்கள். நல்ல ஆசிரியரையும் போலியையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத ஊரில் போலிக்குத்தான் கொண்டாட்டம். இரண்டு பேருக்கும் ஒரே மாலை, ஒரே ஃபிளெக்ஸ் போர்டு என்றால் உழைப்பவர் எதற்காக உழைக்க வேண்டும்? உழைக்கிறவரை அடையாளம் கண்டு மதிக்கக் கற்றுக்கொள்வதுதான் போலிகளுக்கு நாம் கொடுக்கும் அடி.

என்னைப் பொறுத்தவரை ஒரு மருத்துவப் பேராசிரியரின் சாதனையை மூன்று கேள்வியில் அளக்கலாம். அவரிடம் படித்தவர்கள் இன்று எங்கே, எப்படி வைத்தியம் பார்க்கிறார்கள்? அவர் கண்டறிந்து எழுதியதால் எந்த நோயாளியின் சிகிச்சையாவது மாறியதா? அவர் ஓய்வு பெற்ற பிறகும் அவர் தொடங்கிய வேலை நடக்கிறதா? இந்த மூன்றில் ஒன்றுக்காவது நல்ல பதில் இருந்தால் அவர் சாதனையாளர். விருது இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

இது ஏன் இப்போது அவசரம் என்று சொல்கிறேன்.

2020-ல் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. நமக்கே தேனி மாவட்டத்தில், க.விலக்கில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பொட்டிபுரத்திலிருந்து ஒருவர் டாக்டர் ஆவது என்பது மலையைப் பிளந்து நியூட்ரினோவைப் பிடிப்பதைவிட நடக்காத காரியமாகத் தெரிந்தது. இப்போது கூலி வேலை செய்பவரின் பிள்ளை வெள்ளைக் கோட்டு போடுகிறது. கண் நிறைந்து பார்க்கிறோம்.

ஆனால் சீட் கிடைப்பது கதவு திறப்பது மாதிரி. உள்ளே கைபிடித்து நடத்திப் போவது ஆசிரியர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளை, முதல் வாரமே உடற்கூறியல் வகுப்பில் ஆங்கிலத்தில் ஆயிரம் பெயர்களைச் சந்திக்கிறது. எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு மிரண்டு நிற்கிற அந்தப் பிள்ளையை, சாயங்காலம் தனியாக உட்கார வைத்து, "பயப்படாதே, இது நம்ம தோள்பட்டை எலும்புதான்" என்று சொல்லிக்கொடுக்கிற உடற்கூறியல் ஆசிரியை இருந்தால் அது டாக்டராகும். இல்லாவிட்டால் அரியர் மேல் அரியர் வைத்து மனம் உடைந்து வீட்டுக்கு வரும். அந்த ஆசிரியை கிளினிக் வைக்க மாட்டார். கார் பழசாகத்தான் இருக்கும். ஆனால் நம் வீட்டு முதல் பட்டதாரியின் தலையெழுத்து அவர் கையில் இருக்கிறது.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணி மலையில் காட்டுத்தீ. தீக்காயம் பட்டவர்களைத் தோளில் தூக்கி இறக்கியவர்கள் நம் மலைக்கிராம மக்கள். போடி அரசு மருத்துவமனை, தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரைப் பெரியாஸ்பத்திரி என்று கொண்டுபோனார்கள். அந்த மாதிரி ராத்திரியில் தீக்காய வார்டில் ஓடியாடி வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பயிற்சி டாக்டர்களும் மேற்படிப்பு மாணவர்களும்தான். எவ்வளவு திரவம் ஏற்ற வேண்டும், எப்போது மூச்சுக்குழாய் போட வேண்டும் என்று அவர்களுக்கு முன்பே ஒருவர் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஆபத்து வந்த பிறகு புத்தகம் புரட்ட முடியாது. பக்கத்தில் மருத்துவக் கல்லூரி இருப்பதன் பலன் கட்டடத்தில் இல்லை, அந்தப் பயிற்சியில் இருக்கிறது.

கடைசியாக, வாத்தியார் புத்தி போகாது, கொஞ்சம் வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

என்னிடம் படித்து இன்று மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியராக இருக்கும் பிள்ளைகளுக்கு: நம் மலையைப் பற்றி எழுதுங்கள். ஏலத்தோட்டத்தில் மருந்து அடிப்பவர்களுக்கு உடம்பில் என்ன ஆகிறது? பாம்பு கடித்தவர் தோட்டத்திலிருந்து ஊசி போடும் இடத்துக்கு வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகிறது? அட்டையும் உண்ணியும் கடித்து வரும் காய்ச்சல் எந்த மாதத்தில் அதிகம்? வருஷக்கணக்காகக் குனிந்து காய் எடுத்த பெண்களின் முதுகும் முழங்காலும் என்ன கதி? இதையெல்லாம் பாஸ்டனில் இருந்து வந்து யாரும் எழுத மாட்டார்கள். நோயாளிச் சீட்டுகள் உங்கள் மேசையிலேயே இருக்கின்றன. பதவி உயர்வுக்கு எப்படியும் எழுதத்தான் வேண்டும். எழுதுவதை நம் சனங்களுக்கு உதவுவதாக எழுதுங்கள்.

படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு: உங்களுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்த பேராசிரியரின் பெயரை எங்காவது எழுதுங்கள். பட்டம் வாங்கிய அன்று குலதெய்வத்துக்கும் அம்மா அப்பாவுக்கும் நன்றி சொல்லி ஸ்டேட்டஸ் போடுகிறீர்கள். கூட ஒரு வரி அவருக்கும் போடுங்கள். நிர்மலாவின் பெயர் போல யாருடைய பெயரும் இருட்டில் கிடக்க வேண்டாம்.

உறவுகளுக்கும் ஊர்க்காரர்களுக்கும்: க.விலக்கிலோ மதுரையிலோ பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது, பேராசிரியர் பின்னால் ஐந்தாறு பிள்ளைகள் வந்து நின்று உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால், "என்னை வச்சுப் பழகுறாங்க" என்று முகம் சுளிக்காதீர்கள். முடியாத நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முடிகிற நேரத்தில் சம்மதியுங்கள். நாளைக்கு உங்கள் பேரனுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர் இன்று உங்களிடம்தான் பாடம் படிக்கிறார். அந்த ஐந்து நிமிஷம் நீங்களும் ஒரு வாத்தியார்தான். உடல் தானம் பற்றியும் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். உடற்கூறியல் மேசையில் முதல் பாடம் சொல்லிக்கொடுப்பது அப்படி ஒரு நல்ல மனசு கொடுத்த உடம்புதான்.

பெற்றோர்களுக்கு: உங்கள் பிள்ளை எம்.பி.பி.எஸ். முடித்து, "நான் நோயியல் படிக்கிறேன், நுண்ணுயிரியல் படிக்கிறேன், சமூக மருத்துவம் எடுக்கிறேன், கல்லூரியில் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்" என்று சொன்னால் முகத்தைத் தொங்கப்போடாதீர்கள். கிளினிக் வைப்பதும் நல்ல தொழில்தான். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் எழுந்து வருகிற போடி டாக்டர்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் அவர்கள் ஒவ்வொருவரையும் டாக்டராக்கி அனுப்பியது ஒரு கல்லூரி வாத்தியார். அடுத்த முறை அந்தப் பெண் ஒரு கட்டுரை வெளியாகியிருக்கிறது என்று சொன்னால், "எதைப் பத்திம்மா எழுதியிருக்கே? நம்ம சனங்களுக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். அவள் ஒரு மணி நேரம் பேசுவாள். கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். எதிர்க்கருத்தும் எழுதலாம், வகுப்பில் அனுமதித்தவன்தானே நான். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மருத்துவப் பேராசிரியர் யாராவது இருந்தால் அவரைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்
பொட்டிபுரம்